தரவை என்று நான் சொன்ன வயல்

மகள்,

இந்தக் கடிதத்தை உன் உடுப்புப் பெட்டிக்குள், அந்த நீலச் சேலைக்கு அடியில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ கொழும்பில் இறங்கி, பெட்டியைத் திறந்து, சேலையை உதறும்போது கீழே விழும். அப்போது நீ அங்கே, நான் இங்கே. உன் முகத்தைப் பார்க்காமல் தப்பிவிடலாம். அப்படி நினைத்து எழுதிய தாள்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இதை உன் கையிலேயே தருவேன், இன்றைக்கே, நாலு மணிக்கு முன்னால். நீ மண்டபத்தில் பிள்ளைகளோடு படங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருக்கிறாய். சாப்பாட்டுக்கு வருவாய். அதற்குள் முடிக்க வேண்டும். ஆனால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய்ச் சோற்றுப் பானையைப் பார்க்கிறேன், வந்து ஒரு வரி எழுதுகிறேன், பிறகு வாசலுக்குப் போய் நீ வருகிறாயா என்று எட்டிப் பார்க்கிறேன். தாள் உன் மகளின் கொப்பியில் நடுவில் கழற்றியது. அவளிடம் கேட்டுத்தான் எடுத்தேன். "அம்மம்மா, நீங்க எழுதுவீங்களா?" என்றாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் எழுதத்தான் செய்வாள், கொஞ்சம் கோணலாக.

நாளை விடிய பஸ். பத்து மாதம். வளர்ந்துவரும் பிள்ளைகளுக்கு இந்தச் செயற்கை நுண்ணறிவை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று இன்னும் படித்துக்கொண்டு வரப்போகிறாய். உன் பிள்ளையை என் கையில் விட்டுப் போகிறாய். அந்தக் கை என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு விட்டுப் போ. அதுதான் நியாயம்.

நீ அந்தப் படத்தை முதன்முதல் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். குசினி நிலத்தில் பாய் மாதிரி விரித்தாய். செய்மதி வானத்திலிருந்து எடுத்த படம் என்றாய். நாங்கள் ஆறு என்று சொல்கிற வாவி கன்னங்கரேலென்று கிடந்தது. அதன் இரண்டு கரையும் சிவப்பு. எனக்கு வந்ததே கோபம். "ஆருகா எங்கட ஊருக்கு இந்த நிறம் பூசினது? பட்டதெல்லாம் காணாதா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "அம்மா, இது ரெத்தமில்ல. பயிர். நம்மட கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்டு இரிக்கு. நல்ல பயிருல அது பட்டு மேல திரும்பிப் போகும். அதத்தான் சிவப்பாக் காட்டுறாங்க. எங்க கூடச் சிவப்போ அங்க கூட உயிர்" என்றாய். "பச்சையப் பச்சையாக் காட்டினா ஆருக்கு என்ன குறையுதாம்?" என்றேன். "பச்சையாக் காட்டினா கண்டல், வெள்ளாமை, புல்லு எல்லாம் ஒண்டு போலத் தெரியும். பிரிக்கேலாதம்மா" என்றாய். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு நான் படத்தின் மேல் குனிந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பிடிபட்டது. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற மிதவைப் பாதை கட்டுகிற துறை, கோயில் குளம், இறால் பண்ணை போட்டுக் கைவிட்ட குழிகள், ஆற்றுக்கு அப்பால் படுவான்கரை வயல் வட்டைகள். விரல் வைத்து விரல் வைத்துச் சொன்னேன். நீ வாயைப் பிளந்தாய். "அம்மா, நீங்க வகுப்புக்கு வரணும். புள்ளயளுக்கு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

படித்த ஒருத்தி என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை படித்தவர்கள் எனக்குச் சொன்னதெல்லாம் "இஞ்ச வைங்க" என்பதுதான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்காமலே பெருவிரலுக்கு மைப்பெட்டியை நீட்டிய ஒரு கந்தோர்க்காரனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவனுடைய சேட்டில் இரண்டாவது தெறி அறுந்திருந்தது. என் ஞாபகம் அப்படி. நல்லதையும் வைத்திருக்கும், ஆனால் கெட்டதைத்தான் எண்ணெய் பூசித் துருப்பிடிக்காமல் வைத்திருக்கும். உன் அப்பாவின் தங்கை கல்யாணத்தன்று எனக்கு விளிம்புடைந்த கோப்பையில் தேத்தண்ணி தந்ததை அவள் செத்த வீட்டிலும் நினைத்தேன். இது பெருமையில்லை. சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இனி வரப்போவதற்கு இதுதான் வேர்.

வகுப்புக்கு வந்தேன். வயல் செய்கிற கமக்காரர் சங்க மண்டபம், பின்னேரம், பதினாலு பிள்ளைகள், எல்லாரும் மீசை அரும்புகிற, பின்னலைத் திருகிக்கொண்டு இருக்கிற வயது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினொரு பேர், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து மூன்று பேர். ஒவ்வொருவர் முன்னாலும் படத்தின் ஒரு துண்டு, அதன்மேல் சின்னச் சின்னக் கட்டங்கள். தண்ணிக்கு நீலம், நெல் வெள்ளாமைக்குச் சிவப்பு, ஆற்றோரக் கண்டல் காட்டுக்குக் கரும்பச்சை, மாடு மேய்கிற தரவைக்குப் பழுப்பு, வீடுவாசலுக்கு மஞ்சள் என்று கட்டம் கட்டமாகப் பென்சிலால் நிரப்ப வேண்டும். அதை நீ லப்டொப்பில் ஏற்றுவாய். அது பார்த்துப் படித்துக்கொண்டு, பிள்ளைகள் தொடாத மிச்ச இடத்துக்கெல்லாம் தானே நிறம் தீட்டும். "கொம்பியூட்டருக்கு நம்மட ஊரு தெரியாது. அது ஒருக்காலும் சேத்துல கால் வெச்சதில்ல. நீங்க என்ன சொல்றீங்களோ அதான் அதுட கண்ணு" என்று நீ சொன்னாய். ஒரு பொடியன், "அப்ப நாங்க ஐஸ்கிறீம் கடையெல்லாம் கோயிலெண்டு போட்டா, கும்பிடுமா டீச்சர்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு, "கும்பிடும். அதுதான் பயம்" என்றாய். நான் மூலைக் கதிரையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், மகள். கேட்காமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்தப் பிள்ளைகளில் கெட்டிக்காரி ஹஸ்னா என்று உனக்கும் தெரியும். காத்தான்குடி, பதினைந்து வயது, உம்மா தையல். மற்றப் பிள்ளைகள் ஒரு தாள் முடிப்பதற்குள் இவள் மூன்று முடிப்பாள். அவளுக்குக் கிடைத்த துண்டு படுவான்கரைப் பக்கம். அந்தக் கரையை அவள் கண்ணால் கண்டதில்லை. அதனால் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். இது கண்டல், இது வெள்ளாமை, இது வாய்க்கால். பிறகு அவளுடைய பென்சில் ஒரு வயலுக்கு மேலே வந்து நின்றது. மூலை உடைந்த சுளகு மாதிரி ஒரு வயல். படத்தில் அதைப்போல் சிவப்பு வேறு எதுவும் இல்லை.

அது உன் பெரியம்மாவின் வயல். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை இன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், வீடும் நிலமும் பெண் பிள்ளைக்குத்தான் இறங்கும். என் அம்மாவுக்கு இரண்டு பெண், ஒரு வீடு, ஒரு வயல். வீடு மூத்தவளுக்கு, வயல் எனக்கு என்று நான் பல்லு விழுகிற வயதிலேயே சொல்லிவிட்டாள். ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, கதிர் பால் பிடிக்கிற நாளில், கிளி கலைக்க ஆளில்லை என்று என்னைப் பள்ளிக்கூடம் போகாமல் மறித்தாள். "உன்ட வயலுதானேகா, நீ பாத்தா என்ன?" என்றாள். என்னுடைய வயல் என்று நினைத்துப் போனேன். தகரத்தைத் தட்டித் தட்டி அந்தப் போகம் முடிந்தது, அடுத்த போகமும் முடிந்தது, பிறகு பள்ளிக்கூடம் என்னை மறந்துவிட்டது. அக்காவுக்குக் கல்யாணம் பேச வந்தபோது மாப்பிள்ளையின் தாய், வீடு மட்டும் போதாது, வயலும் வேண்டும் என்றாள். வெற்றிலைத் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சின்னவளுக்கு மறுகா பாத்துக்குவம்" என்றாள். அந்த மறுகா என் ஆயுசில் வரவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கிற அக்காவோடு நான் பேசுவதில்லை.

அந்த வயலில் பென்சிலை வைத்துக்கொண்டு ஹஸ்னா, "இது வெள்ளாமைதானே அம்மம்மா? என்னா சிவப்பு!" என்றாள். என் வாய் சொன்னது: "அது தரவை."

அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "தரவையா? பக்கத்து வயலும் இந்த நிறந்தானே?"

"அதும் தரவைதான். மாடு மேயிற இடம். போடு."

"அப்ப இந்த வரிசையெல்லாம்?"

"ஓம்கா, எல்லாம் தரவை. நான் அங்க நிண்டு வளந்தவள். போடு எண்டாப் போடு."

அவள் போட்டாள். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று. ஒரே நிறம் இருந்தால் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்று நீதான் அந்தப் பிள்ளைக்குப் படிப்பித்திருந்தாய். அவள் சரியாகத்தான் செய்தாள். நான் எழும்பிப் போய் முகம் கழுவினேன். எனக்கு ஏதோ பெரிய காரியம் செய்தது போல இருந்தது, மகள். உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

மிச்சம் உனக்குத் தெரியும், ஆனால் தலைகீழாகத் தெரியும். லப்டொப் என்னை நம்பியது. என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி நம்பியதில்லை, பெற்ற தாய்கூட. நான் ஒரு வயலுக்குச் சொன்னதை அது படுவான்கரை முழுக்கச் சொன்னது. அதற்கு அக்கா யார், தங்கச்சி யார் என்று தெரியாது. உனக்குச் சோதித்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை, கண்காட்சிக்கு நாள் குறித்தாயிற்று. பிள்ளைகள் அந்த நிறங்களை வைத்துக்கொண்டு படம் செய்தார்கள். ஒருத்தன் வாவியை விலாங்கு மீனாக வரைந்தான். ஒருத்தி வீடுகளை மட்டும் எடுத்து வானத்து நட்சத்திரமாக ஒட்டினாள். ஹஸ்னா உம்மாவின் தையல் மிச்சத் துண்டுகளை எடுத்துவந்து, நாலு முழத் துணியில் வாவியையும் இரண்டு கரையையும் தைத்தாள். நாங்கள் இருக்கிற எழுவான்கரையில் மஞ்சளும் சிவப்பும் மின்னின. படுவான்கரை முழுக்க, வெட்டிப்போட்ட காற்சட்டைத் துணியின் பழுப்பு. அதைப் பார்த்தபோதுதான் ஒரு வயலுக்குச் சொன்ன பொய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். தைத்து முடித்த துணி, இனி என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்காட்சி அன்று நான் பலகாரத் தட்டோடு நின்றேன். ஊரே வந்திருந்தது. அந்தத் துணிக்கு முன்னால் ஆட்கள் கூடினார்கள். முதலில் அழகு என்றார்கள். பிறகு பெரியம்மாவின் மகன், உன் அண்ணன், கிட்டப் போய்ப் பார்த்தான். "என்ன இது? துறைக்கு நேர எங்கட வட்டையெல்லோ வரணும்? ஏன் பழுப்பு?" நிறங்களின் அர்த்தம் எழுதிய மட்டையை யாரோ வாசித்துக் காட்டினார்கள். "தரவையா! எங்கட வெள்ளாமையத் தரவையெண்டு தைச்சு வெச்சது ஆரு?" என்று கத்தினான். சங்கத் தலைவரும் வந்துவிட்டார். "இது சும்மா துணியில்ல. கொழும்புக்குப் போற சாமான். நாளைக்கு ஒருத்தன் இதப் பாத்து இஞ்ச மேய்ச்சல் நிலந்தான் இரிக்கு எண்டு எழுதினா, நாங்க ஆரிட்டப் போய் நிக்கிற?" அதுகூடப் பரவாயில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "தைச்சது காத்தான்குடிப் புள்ளயாம்." "அதானே பாத்தன்" என்றது இன்னொரு குரல். அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு மண்டபத்தில் யாருக்கும் வேறு காரணம் தேவைப்படவில்லை.

நீ ஹஸ்னாவிடம் போனாய். கோபமாகக் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் பார்க்கக் கேட்டாய். "ஹஸ்னா, இத ஏன் இப்பிடிப் போட்ட?" அவள் என்னைப் பார்த்தாள். நான் மூன்று அடி தூரத்தில். என் கையில் வடைத் தட்டு. நான் கண்ணைத் தட்டில் இறக்கினேன். அவள், "தெரியாமப் போட்டுட்டன் டீச்சர்" என்றாள். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். உன் பெரியம்மா அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து வந்து, இத்தனை வருடத்துக்குப் பிறகு என்னோடு பேசினாள். "தங்கச்சி, நம்மட வயல் தரவையாப் போச்சா?" நம்மட என்றாள். நான் வடைத் தட்டோடு திரும்பிக்கொண்டேன். அந்தச் சொல்லையும் ஒரு குத்தலாகத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து தலைகாணியில் முகத்தை வைத்தபிறகுதான், குத்துகிற குரல் அப்படி நடுங்காதே என்று பட்டது.

அதற்குப் பிறகு ஹஸ்னா வகுப்புக்கு வரவில்லை. அவளோடு வந்த இரண்டு பேரும் வரவில்லை. துணியை நீ மடித்து அலுமாரிக்கு மேலே போட்டாய். கொழும்புக்குக் கொண்டுபோகிற படங்களின் பட்டியலில் அவள் பெயரை வெட்டினாய். சங்கத்துக்காரர், அடுத்த வகுப்புக்கு மண்டபம் வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை மட்டும் சேர்க்கச் சொன்னார்கள். நீ சரியென்று தலையை ஆட்டினாய். வீட்டுக்கு வந்து, "நான் ஒழுங்காச் சொல்லிக்குடுக்கல்ல போலம்மா, என்ட பிழைதான்" என்றாய். நான் உனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன். பார், என் துணிவை. தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று வேறு கேட்டேன்.

இது முதல் தடவையும் இல்லை. உனக்கு எட்டு வயதில், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பெரியம்மா உன்னைக் கூப்பிட்டுப் பயத்தம் பலகாரம் தந்தாள். நீ வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாய். துப்பு என்றேன். ஏன் என்றாய். கெட்டுப்போன பலகாரம், பெரியம்மா அப்படித்தான் தருவாள் என்றேன். நீ துப்பினாய். பிறகு நீ அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி, அது பெரியம்மாவின் பிள்ளைகளின் காதுக்குப் போய், உன் அண்ணன் உன்னோடு இரண்டு வருடம் கோபமாக இருந்தான். அந்தப் பலகாரம் கெட்டுப்போகவில்லை, மகள். முற்றத்தில் விழுந்ததைக் கூட்டும்போது ஏலக்காய் மணத்தது. உனக்குப் பெரியம்மாவைப் பிடிக்காமல் போனதற்கு வேறு காரணம் உனக்குத் தெரியுமா? யோசித்துப் பார். நான் போட்ட நிறம்தான் அது.

நேற்று முன்தினம் கடையில் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேனே, காத்தான்குடிக்குத்தான் போனேன். இரண்டு பக்கமும் ஆட்கள் செத்த அந்தப் பழைய நாட்களுக்குப் பிறகு அந்த ஊரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதில்லை. எங்களிடம் அதற்குக் காரணம் இருக்கிறது, எங்கள் பக்கம் வராததற்கு அவர்களிடமும் காரணம் இருக்கிறது. இரண்டையும் நான் மறக்கவில்லை. விசாரித்து விசாரித்து வீட்டைப் பிடித்தேன். ஹஸ்னாதான் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறிப் போனது. உள்ளேயிருந்து தையல் மெசின் நின்றது. "ஆரு மகள்?" "டீச்சர்ட உம்மா." அந்தப் பெண் எழும்பி வந்தாள், வாயில் இரண்டு குண்டூசி. எடுத்துவிட்டு, "வாங்க வாங்க, இரிங்க. வெயிலுக்குள்ளால வந்திரிக்கீங்க. இவ செஞ்ச பிழைக்கு நான்தான் வந்து மன்னிப்புக் கேக்க இரிந்த. நீங்க வந்திட்டீங்க" என்றாள். கதிரையில் இருந்த நான் எழும்பிவிட்டேன். இருந்துகொண்டு கேட்கிற பேச்சா அது? "பிழை உங்கட புள்ளட இல்ல, என்ட" என்று நின்றபடியே முழுவதையும் சொன்னேன். வயலையும் சொன்னேன், அக்காவையும் சொன்னேன்.

உம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள். "இத ஏன் என்னிட்டயும் சொல்லல்ல?" ஹஸ்னா நூல்கட்டையை உருட்டிக்கொண்டு நின்றாள். நான், "அண்டைக்கு என்னக் காட்டி, இவதான் சொன்ன எண்டு ஏன் புள்ள சொல்லல்ல?" என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தினாள். "சொன்னா ஆரு நம்புவாங்க அம்மம்மா? டீச்சர்ட உம்மா பொய் சொன்ன எண்டு நான் அந்த மண்டபத்துல நிண்டு சொன்னா, அது இன்னொரு கதையாப் போகும்." பதினைந்து வயதுப் பிள்ளை, மகள். யாருடைய சொல் எங்கே எடுபடும் என்று அந்த வயதில் அதற்குக் கணக்காகத் தெரிந்திருக்கிறது. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். பின்னால் இழுத்துக்கொண்டாள். மரியாதை குறையாமல்தான் இழுத்தாள். "நீங்க வந்தது சந்தோசம். ஆனா இத எங்கட வீட்டுல சொல்லி என்ன செய்யிற? எனக்கு இது முன்னமே தெரியுந்தானே. தெரியாதாக்கள் அங்கதான் இரிக்காங்க." உம்மா, "வாய மூடு புள்ள, பெரியவங்க" என்று உறுக்கினாள். நான் உறுக்க வேண்டாம் என்றேன். தேத்தண்ணி தந்தார்கள், குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உன் பிரியாவிடைக்கூட்டம், வாருங்கள் என்று இரண்டு பேருக்கும் சொன்னேன். வருகிறோம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றைக்கு.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது வாயில்லை, ஆனால் பத்து மாதம் போகிறாய், ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அதுவும் என் குற்றம்தான். நீ இனி எந்த ஊரில் வகுப்பு வைத்தாலும், வயதுக்கு மூத்தவர், மண்ணில் வளர்ந்தவர் என்பதற்காக ஒருவரை நம்பிவிடாதே. மண்ணை நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் மண்ணில் கோபமும் இருக்கும். ஒரு நிலத்தைப் பற்றிக் கேட்பதென்றால், ஒருவரோடொருவர் பேசாத இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேள். இரண்டு பேரும் ஒன்றைச் சொன்னால் மட்டும் பிள்ளைகளின் கையில் பென்சிலைக் கொடு. இதை நீ போகிற இடத்தில் சொல்லித் தருவார்களோ தெரியாது. பிழை வந்தால், பிழை விட்டது யார் என்று எல்லாரும் பார்க்கக் கேட்காதே. அந்தக் கேள்வி மண்டபத்தில் எப்போதும் பலம் குறைந்த ஆளிடம்தான் போய் நிற்கும். நீ கெட்டவள் இல்லை, ஆனால் அன்றைக்கு நீ அதைச் செய்தாய்.

சோறு அடிப்பிடித்துவிட்டது. மணக்கிறது. இறக்கி வைத்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இனி நாலு மணிக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சங்கத் தலைவர் பேசுவார், உனக்குப் பொன்னாடை போடுவார். பிறகு யாராவது பேசுகிறீர்களா என்று வழமைபோல ஒப்புக்குக் கேட்பார். நான் எழும்புவேன். அலுமாரிக்கு மேலே இருந்த துணியை இப்போதே எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, தரவை என்று சொன்னது நான், அந்தப் பிள்ளை மூன்று தரம் திருப்பிக் கேட்டது, நான்தான் உறுக்கிப் போட வைத்தேன் என்று சொல்வேன். ஏன் என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன். அக்கா முன் வரிசையில் இருப்பாள். நாற்பது வருடத்துக்கு மேலாக நான் மனதுக்குள் எழுதி வைத்திருந்த பேச்சு ஒன்று இருக்கிறது, அவளைப் பார்த்துச் சொல்வதற்கு. அது அங்கே வராது. அவளுடைய வயல் நல்ல வயல் என்று மட்டும் சொல்வேன். அதைக் காலையிலிருந்து குசினியில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

எல்லாரும் அதைக் கேட்கும்போது நீயும் கூட்டத்தோடு கூட்டமாகக் கேட்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். கோபித்துக்கொள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு போவதென்றாலும் போ. நான் மறிக்க மாட்டேன். பட்டியலில் வெட்டிய பெயரைத் திரும்ப எழுதுவது உன் கையில் இருக்கிறது. மண்டபம் தராவிட்டால் வேறு இடம் பார். அதுவும் உன் கை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் எழும்பி நிற்கும்போது ஆட்கள் கத்துவார்கள், சிலர் சிரிப்பார்கள், உன் அண்ணன் என்ன சொல்வானோ தெரியாது. உனக்கு எழும்பி வந்து என் பக்கத்தில் நிற்கத் தோன்றும். உன்னை எனக்குத் தெரியும். வராதே. இருந்த இடத்திலேயே இரு. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை.

உன் அம்மா